மஞ்சள் தார்ப்பாய்

ஜெசிந்தாவின் புருஷன் சிலுவை கடலுக்குப் போன மறுநாளே புயல் பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஊரில் ஒருத்தியும் கரைக்கு ஓடவில்லை. வானத்திலிருந்து கடலைக் காட்டும் படம் எல்லோர் போனிலும் இருந்தது. முன்பெல்லாம் மேகம் கூடினால் படம் வெளுத்துப்போகும். இந்த வருஷம் அந்தக் குறையும் தீர்ந்துவிட்டது. மேகம் மறைத்த இடத்தைப் பழைய படங்களை வைத்து அதுவே நிரப்பிக்கொள்ளுமாம்; எவ்வளவு மேகம் மூடினாலும் அடியில் கடல் பளிச்சென்று தெரிந்தது. மேலிருந்து அடையாளம் தெரிய, ஒவ்வொரு வீட்டாரும் படகின் கூரையில் வேறு வேறு நிறத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

"மைனி, அண்ணன் வாராவ! நம்ம மஞ்ச தார்ப்பாய் தெரியுது பாருங்க!" நாத்தனார் மெல்வினா போனை நீட்டினாள்.

ஜெசிந்தா நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, புருஷனுக்காக உலை வைத்தாள். தேடப் புறப்பட்ட ஆட்களும் படத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார்கள்.

அடுப்புக்கு மேலே கூரை ஒழுகியது. மூடுவதற்கு எதையாவது தேடி, கதவுக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தாள். மஞ்சள் தார்ப்பாய் கையோடு வந்தது. கிழிசலைத் தைக்க வேண்டும் என்று போன வாரம் அவள்தான் அதைப் படகிலிருந்து அவிழ்த்து வந்தாள். "அடுத்த தடவ கட்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, அது இல்லாமலே சிலுவை கடலுக்குப் போயிருந்தான்.

"துறைக்குள்ள வந்துட்டு மைனி! அண்ணன் இப்ப இறங்கிருவாவ!" வாசலில் போனைப் பார்த்தபடி மெல்வினா குதித்தாள்.

ஜெசிந்தா அடுப்பை அணைத்தாள்.