பெண்ணைக் காணோம்

மேடைக்குப் பின்னால் மணப்பெண்ணின் செருப்புகள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. "ஓடறவதான் இப்படிக் கழட்டிப் போடுவா" என்று அத்தை தீர்ப்பே எழுதிவிட்டாள்.

பெண்ணின் அண்ணன் அவற்றைக் காலால் மேடைக்கடியில் தள்ளினான். விடிந்தால் கல்யாணம். இன்றைக்கு வரவேற்பில் சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருக்க, மேடையில் இரண்டு நாற்காலியும் காலி. போட்டோகிராபர் கண் கூசும் விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு கொட்டாவி விட்டார். டிரம்ஸ் கோஷ்டிக்கு நடப்பது எதுவும் தெரியாது, வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா அவன் காதருகே வந்து கத்தினார். "எங்க பையன் ஃப்ரெண்ட்ஸ் கூட வெளிய நிப்பான், கூப்பிட்டா வந்துடுவான். பொண்ணு எங்க தம்பி?"

"டிரஸ் மாத்தறா மாமா. இதோ வந்துடுவா."

சொல்லிவிட்டானே தவிர, அவள் எங்கே என்று அவனுக்கே தெரியாது. அவர்களுடைய அப்பா இறந்தபிறகு தங்கைக்கு அப்பாவும் அவன்தான், அண்ணனும் அவன்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கு பிரேக் போட்டே பழகின கால், இப்போது நின்ற இடத்திலேயே தரையை மிதித்தது.

"அவ ஆபீஸ்லேர்ந்து ஒரு தாடிக்காரன் வந்தானே, அவனையும் காணோம்டா" என்றாள் அத்தை. மூட்டிவிடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க அத்தை. அம்மா காதுல விழப்போகுது."

அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தாளவில்லை. இது மட்டும் நிஜமாக இருந்தால் அம்மா பிழைக்க மாட்டாள்.

கல்யாண மண்டபமா அது! கண்காட்சி, கச்சேரி, மாநாடு என்று எல்லாம் நடக்கிற ராட்சத வளாகம். எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு கதவு. இந்த இடம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளே தங்கைதான். வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல மண்டபம் இருக்க, இது எதற்கு என்று அப்போதே கேட்டான். பிடிவாதமாகச் சிரித்தாளே ஒழியக் காரணம் சொல்லவில்லை. இப்போது புரிந்தது. ஓடுவதற்கு வசதியாக ஏழெட்டு வாசல்!

கார் நிறுத்துமிடத்தில் தேடினான். மாடிப்படியில் தேடினான். அவளுக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. லிஃப்ட் வாசலில் ஒரு தூரத்து மாமா வழிமறித்தார். "பொண்ணு மாப்பிள்ளையோட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா நாங்க கிளம்பிடுவோம்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அஞ்சு நிமிஷம் மாமா" என்று சொல்லிவிட்டு ஓடியே போனான்.

மாடியில் நீண்ட நடைவழி. அதன் கோடியில், நீல நிறக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் வளாகத்தின் அடையாள அட்டை.

"மேடம், பச்சைப் புடவையில ஒரு பொண்ணு இந்தப் பக்கம்..."

"மெதுவா பேசுங்க சார். உள்ளதான் இருக்காங்க."

போன உயிர் திரும்பி வந்தது. "உள்ளயா? இது என்ன ரூம்?"

"அமைதி அறை. கூட்டம், சத்தம், வெளிச்சம் இதெல்லாம் சில பேருக்குத் தாங்காது சார். அவங்க பிறவியே அப்படி, நோயெல்லாம் இல்ல. இங்க கொஞ்ச நேரம் இருந்தா அடங்கிடும். அப்புறம் அவங்களே எழுந்து கூட்டத்துக்குப் போயிடுவாங்க."

"என் தங்கச்சிக்கா? டிரம்ஸ் சத்தம் கேட்டா முதல்ல ஆட எழுந்திருக்கிறவளே அவதாங்க!"

"எனக்கென்ன தெரியும் சார்? ரெண்டு பேரா வந்தாங்க. கையப் பிடிச்சுக்கிட்டு ஓடிவந்தாங்க."

வந்த உயிர் மறுபடி போய்விட்டது. "கூட யாரு... ஆம்பளையா?"

"ஆமா. பேரெல்லாம் நாங்க கேக்கறதில்ல. இப்ப உள்ள போகாதீங்க சார், ப்ளீஸ்."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மோப்பம் பிடித்து அத்தை வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அப்பா.

இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை. தூக்கி வளர்த்த கையாலேயே அவளை அறையப் போகிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கதவைத் தள்ளினான்.

உள்ளே மங்கலான வெளிச்சம். இத்தனை நேரம் மண்டையைப் பிளந்த டிரம்ஸ் இங்கே துளிகூடக் கேட்கவில்லை. தரையில் விரித்த மெத்தையில், கனத்த போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு யாரோ ஒருவன் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெறுங்காலோடு தங்கை, அவன் முதுகை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி.

"யாருடி இவன்?" என்று கத்தினான் அண்ணன்.

போர்வைக்குள் இருந்தவன் அப்படியே சுருண்டுகொண்டான். தங்கை பதறவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. உதட்டில் விரலை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"கத்தாதண்ணா, உன் மாப்பிள்ளைக்கு சத்தம் ஆகாது."