கொண்டலாத்தியின் கொண்டை

பாலைவனத்திலிருந்து கடல் தாண்டி வந்த கொண்டலாத்திப் பறவைக்கு, அதுவரை போன எந்தத் தோப்பிலும் வேலை கிடைக்கவில்லை. தலையில் விசிறிபோல் விரியும் கொண்டையைப் பார்த்ததுமே, "ஆள் எடுத்தாச்சு" என்று அனுப்பிவிடுவார்கள். கடைசியில் ஒரு கொய்யாத் தோப்பின் மேஸ்திரி மைனா, "எங்கே, மண்ணைக் கிளறிக் காட்டு" என்றது. வேரைக் குடைந்த புழுக்களைக் கொண்டலாத்தி தன் நீண்ட அலகால் மளமளவென்று இழுத்துப் போட்டாள்.

மைனா அசந்துபோனது. "நாளைக்கே வந்துடு. தங்குறதுக்கு மரப்பொந்தும் தர்றோம். ஆனா அந்தக் கொண்டையை மடக்கியே வச்சுக்கணும். பார்க்கிறவங்க பயப்படுறாங்க."

"வாசல்ல நிக்கிற மயிலுக்கும் கொண்டை இருக்கே, மேஸ்திரி?"

"அது நம்ம ஊர்க் கொண்டை."

வானத்தில் மழை கட்டிக்கொண்டு நின்றது. கொண்டலாத்திக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு கணம் கொண்டையை மடக்கியும் பார்த்தாள். வேறு யாருடைய தலையையோ சுமப்பது போலிருந்தது. சட்டென்று அதை முழுசாக விரித்துக்கொண்டு சிறகடித்தாள்.

"ஏய், வேலை வேணாமா?" என்று கத்தியது மைனா.

"வேணும். அதைத் தேடித்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு, கொட்டத் தொடங்கிய மழையில் பக்கத்துத் தோப்புக்குள் நுழைந்தாள்.