ஆள் இல்லாத நேரத்து ஆய்வு

சாக்கடைப் புகாருக்காக வழக்குப் போடுகிறவரை மடக்க மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர் கோர்ட்டில் நிற்கும் நேரம் பார்த்து ஆய்வுக்குப் போய், வீடு பூட்டியிருந்ததாக எழுதிவிடுவார்கள். இம்முறை சொதப்பினால் பதவி உயர்வு கைநழுவிவிடும் என்பதால் பொறியாளர் தானே போனார்.

பூட்டைப் படம் எடுக்கப் போனபோது கதவு திறந்தது. வழக்குப் போட்டவரேதான்.

"வாங்க சார். நான் இல்லாத நேரமாப் பார்த்து வந்திருக்கீங்க போல!"

பொறியாளர் ஒதுங்கி நின்று அலுவலக வக்கீலை அழைத்தார். "அந்த ஆள் கோர்ட்டுக்கு வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாய்யா?"

"யாரு வரலை? என் முன்னாடிதான் நிக்கிறாரு. கேஸ் கூப்பிட்டாச்சு, இருங்க."

வக்கீல் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். பொறியாளருக்குப் பயத்தைவிட, உள்ளே போய்ப் பார்க்கும் ஆசைதான் மிஞ்சியது. கூடத்தில் கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் நின்றது. புகாரில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆய்வு நடந்ததா என்று நீதிபதி கேட்பது கைப்பேசியில் கேட்டது. பதிலும் கேட்டது, கதவைத் திறந்தவரின் அதே குரலில்.

"நடந்துக்கிட்டிருக்குங்க ஐயா. சார் இப்பதான் ஷூவைக் கழட்டுறாரு."

பொறியாளர் கையில் ஒரு ஷூ இருந்தது. எதிரே தண்ணீரில் நின்ற வீட்டுக்காரர் வாயே திறக்காமல், மற்றதையும் வாங்கி வைக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.