ஐயா சொல்லட்டும்

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியகருப்பன் முன்னால் அங்கம்மாள் அரிவாளோடு நின்றாள்.

“ஐயா, ஒங்க தோப்புல ஒரு வண்டி வெறகு எடுத்துக்கிறட்டுமா?”

அவர் வாயைத் திறக்கவில்லை.

“அதான் நான் எடுக்கச் சொல்லிட்டேன்ல?” என்றான் மகன் அன்புமணி. “செம்பட்டி வெறகுக் கடையும் பூட்டிக் கெடக்கு.”

“நீங்க சொன்னா ஆச்சா தம்பி? போன மாசம் கேக்காம ஒரு சுமை சுள்ளி பொறக்குனதுக்கு, ஊரே பாக்கக் கீழ கொட்ட வச்சாரு. தோப்பு அவரோடது. அவரு சொல்லட்டும்.”

அன்புமணிக்குக் கோபம்கூட வரவில்லை. அப்பாவின் நெற்றியிலிருந்து நழுவிய ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மறுபடி ஒட்டினான்.

“அவரை எரிக்கத்தானேக்கா கேக்குறோம். நேரமாகுது.”

அங்கம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“காஞ்சத மட்டும் எடுத்துக்கிறேங்கய்யா” என்று சொல்லிவிட்டுத் தோப்புக்கு நடந்தாள்.