ஆராயி வீட்டுக் கற்கண்டு

"மேசைய ஒட்டி நிக்காதீங்கம்மா. லேசா இடிச்சாக்கூட எல்லாம் கெட்டுப்போயிடும்."

துடைப்பமும் கையுமாக ஆராயி அப்படியே நின்றாள். அவள் வீடு, அவள் அறை. ஆனால் ஜன்னலோர மேசைப் பக்கம் போக அவளுக்கே அனுமதி கிடையாது. மேசைமேல் மூடி போட்ட சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு மைக்ராஸ்கோப். அவற்றுக்குக் காவல், மெட்ராஸிலிருந்து வந்து குடியிருக்கும் ஆராய்ச்சிக்காரர் சகாதேவன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் காட்சி எதுவும் ஆகாத மனுஷன்.

மெட்ராஸில் அவருடைய ஆய்வுக்கூடத்தை ஒட்டிப் புதுக் கட்டடம் எழும்பியதில் தரை சதா அதிர்ந்ததாம். அதிர்ந்தால் படிகம் ஒழுங்காக வளராதாம். அதனால்தான் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த இந்த வீட்டைத் தேடிப் பிடித்தார். படிகம் என்ற சொல் ஆராயி வாயில் நுழையவில்லை. அவளுக்கு அது கற்கண்டுதான்.

"எதுக்குத் தம்பி இந்தக் கற்கண்டு?"

"பச்ச மல்லாட்ட ஜாஸ்தி தின்னா வயிறு என்னா ஆவும்?"

நிலக்கடலையைத்தான் கேட்டார். ஊரில் பழகி அவருக்கும் மல்லாட்டை என்றே வந்துவிட்டது.

"மந்தமாயிடும். மல்லாட்ட வெளையற கீழ்பென்னாத்தூர்ல பொறந்தவளப் பாத்துக் கேக்கறீங்களே!"

"சாப்பாட்ட வெட்டி ஜீரணம் பண்ண வயித்துல ஒரு நொதி இருக்கும்மா. என்சைம்னு சொல்வாங்க. மல்லாட்டையில இருக்கிற ஒரு சரக்கு போயி அந்த நொதியோட வாயிலயே உக்காந்துக்கும். தானும் வேலை செய்யாது, அதையும் செய்ய வுடாது."

"எங்க கொழுந்தன் மாதிரி."

சகாதேவன் வாய்விட்டுச் சிரித்தார். "அது எப்படி உக்காந்திருக்குதுன்னு தெரியணும்மா. ரெண்டையும் கலந்து சொட்டா வச்சா, பாகு இறுகிக் கற்கண்டு கட்டற மாதிரி மெல்லக் கட்டும். அத மெட்ராஸ் கொண்டுபோயி எக்ஸ்ரேயில வச்சா உருவம் தெரிஞ்சிடும். நாளைக்கு மருந்து செய்ய ஒதவும்."

"கட்டலைன்னா?"

"கட்டற வரைக்கும் இங்கதான். மொதல்ல அந்த ஜன்னலச் சாத்துங்க, சாரல் அடிக்குது. கட்டினதுகூட ஒரு சொட்டுத் தண்ணி பட்டாக் கரைஞ்சுடும்."

அன்றிலிருந்து ஆராயிக்கு இரண்டு மனம். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகன் ராஜேந்திரன் பம்பாய் மில்லில் வேலை, பொங்கலுக்குக்கூட வருவதில்லை. சகாதேவன் குடிவருவதற்கு முன்னால், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்ப் பொழுது வந்த நாட்கள் உண்டு. ஒருத்திக்கு என்ன சமையல் என்று பழைய சோற்றோடு படுத்த நாட்கள் அதைவிட அதிகம்.

அதனால் ஒருபக்கம், அவருடைய கற்கண்டுக்காக உரலில் மாவாட்டுவதையே நிறுத்திவிட்டு, அரிசியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் தங்க இடம் கேட்டபோது, "பிள்ள வேலை செய்யுது, போங்க போங்க" என்று விரட்டினாள். இன்னொரு பக்கம், கோயிலுக்குப் போய் அண்ணாமலையாரிடம், "இன்னும் கொஞ்ச காலம் கட்டாம இருக்கட்டும் சாமி" என்று கெஞ்சினாள். சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

சாமி இந்தப் பக்கம்தான் சாய்ந்தார். ஐப்பசியில் கற்கண்டு வரவில்லை. மார்கழியிலும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் சகாதேவன் மேசையை விட்டு எழுந்து வந்து, "வரலைங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். பிறகு உட்கார்ந்து, இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவார். துக்கத்தை எப்படியெல்லாம் விழுங்குகிறார் பார் என்று ஆராயி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

"மெட்ராஸ்ல யாரு தம்பி சமைச்சுப் போடறாங்க?"

"மெஸ்ஸும்மா. டோக்கன் குடுத்தா தட்டு வரும்."

மாசியில் ஒருநாள் மெட்ராஸில் இருக்கும் தன் புரொபசருக்கு டிரங்க் கால் பேச அவர் தபாலாபீசுக்குக் கிளம்பினார். பெருக்கப் போன ஆராயி, அவர் எப்போதோ சொல்லிக் கொடுத்தபடி, கண்ணை மெதுவாக மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

வெறும் கலங்கலாக இருந்த சொட்டுக்குள் பட்டை தீட்டியதுபோல் ஏதோ பளபளத்தது. கற்கண்டேதான்.

நேரே சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டாள். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு. யார் கண்டார்கள்? மேசை வரைக்கும் வந்துவிட்டாள். ஆனால் கை எழவில்லை. சோறு போட்ட கையாலேயே அவர் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். போகட்டும், நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கும்போதே அழுகை வந்தது.

சகாதேவன் திரும்பி வந்தார். நேராக மேசைக்குப் போய்க் குனிந்தார். ஆராயி கதவோரம் ஓசைப்படாமல் வந்து நின்றாள். இதோ கூவப்போகிறார், பெட்டியைக் கட்டப்போகிறார்.

வெகுநேரம் பார்த்தார். "அடேயப்பா, என்னா அழகு!" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

பிறகு கிண்ணத்தின் மூடியைத் திறந்து, சொட்டுக் குழாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். எல்லாம் கரைகிறவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கமாகக் குரல் கொடுத்தார்.

"ஆராயம்மா! இந்தத் தடவையும் வரலைங்க. ராத்திரிக்கு என்னா கொழம்பு?"