சிவப்பு விழுந்தால்

பாஸ்போர்ட்டை விடுதி மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மாடியேறினான்.

அறையில் ஆறு கட்டில்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டு. அவனுக்கு மேல் கட்டில். முதுகுப் பையைத் தலைமாட்டில் போட்டான். குளித்தான். வெள்ளைச் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான். தலை சீவினான்.

அப்புறம் கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். கூரை தலையில் இடிக்காமல் குனிந்து உட்காருவது அவனுக்குப் பழக்கம்தான்.

வெளியே கோலாலம்பூர் இரைந்துகொண்டிருந்தது.

இதே ஊரில் நாலு வருஷம் டைல்ஸ் ஒட்டியிருக்கிறான். வந்து இறங்கிய அன்றே கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அது கையில் இல்லாமல் தெருவில் இறங்கினால் போலீஸ் பிடிக்கும் என்றார்கள். அதனால் கொட்டகை, வேன், வேலை. வேலை, வேன், கொட்டகை. ஊருக்கு விமானம் ஏறிய அன்றுதான் அது திரும்பக் கைக்கு வந்தது.

அந்த வேன் தினமும் சாயங்காலம் ஒரு தெருமுனையைத் தாண்டும். தெரு நெடுக மஞ்சள் காகிதக் கூண்டு விளக்குகள். நடுத்தெருவில் மேசை போட்டு, ஆவி பறக்கச் சாப்பிடுகிற ஜனம்.

சிக்னலில் சிவப்பு விழுந்தால் பார்க்கலாம். விழாவிட்டால் அன்றைக்கு இல்லை.

அங்கே ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒன்பது வருஷம் கழித்து, சொந்தக் காசில், சுற்றிப்பார்க்க என்று விசா வாங்கி வந்திருக்கிறான். இதற்கு மட்டும்தான்.

கீழ்க் கட்டில் வெள்ளைக்காரன் வெளியே போனான். வந்தான். மறுபடி போனான்.

இவன் உட்கார்ந்தே இருந்தான்.

கதவைத் தட்டி எட்டிப் பார்த்தாள், கீழே மேசையில் இருந்த பெண். பிரமிளா. உள்ளூர்த் தமிழ்ப் பெண்.

"என்னண்ணே, பாஸ்போர்ட்ட வெச்சுட்டு ஓடிட்டீங்க? போட்டோஸ்டேட் எடுத்துட்டு நிமிந்தா ஆளக் காணோம். சரி, சாப்பிடப் போறப்ப வாங்கிக்குவீங்கன்னு பாத்தா, நீங்க எறங்கவே இல்ல."

"நீங்க எப்பக் குடுப்பீங்கன்னு தெரியலம்மா. அதான்."

"நானா? இத வெச்சு நான் என்ன, கொழம்பா வைக்கிறது?"

சிரித்துக்கொண்டே நீட்டினாள். அவன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கினான். பிரித்து, தன் படம்தானா என்று பார்த்தான்.

அவள் பின்னாலேயே படியிறங்கினான்.

"எத்தன மணிக்குள்ள திரும்பணும்மா?"

"அது உங்க இஷ்டம்ண்ணே."

வாசலில் வேன் நிற்கிறதா என்று கண் ஒரு தடவை தேடியது. பிறகு நடந்தான்.

தெரு அங்கேயே இருந்தது. விளக்குகளும்.

முனையிலேயே ஒரு மேசை காலி. பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்து மேசைத் தட்டைக் கைகாட்டி, அதுபோலவே ஒன்று என்றான். வந்தது. ஆவி பறந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

முதல் வாய் எடுத்தபோது சிக்னலில் சிவப்பு விழுந்தது.

ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே கண்ணாடியில் சாய்ந்து தூங்கும் தலைகள். சிமெண்டு படிந்த தலைகள். ஒருவன் மட்டும் விழித்திருந்தான்.

அவன் பார்த்தது இவனை இல்லை. இவனுக்குப் பின்னால் இருந்த தெருவை.

இவன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.