ஆறு ஸ்பேட்

"ஆறு ஸ்பேட்" என்றார் ஜெயபாலன்.

ஈப்போ கிளப்பில் பிரிட்ஜ் இறுதி ஆட்டம். கடைசிக் கை. பதின்மூன்று பிடியில் பன்னிரண்டு எடுத்தால் ஸ்லாம், கோப்பை அவர்களுக்கு.

ஸ்பேடைத் துருப்பாக முதலில் கேட்டவர் ஜெயபாலன் என்பதால், அவர்தான் ஆட வேண்டும். கூட்டாளி ராமையா தன் சீட்டை மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும்.

ராமையா சும்மா இருக்கவில்லை.

"ஆறு நோ டிரம்ப்."

இனி மற்றச் சீட்டை வெட்டத் துருப்பே கிடையாது. ஆடப்போவதும் ராமையாதான். மேசையில் விரியப்போவது ஜெயபாலனின் சீட்டுகள்.

எதிராளி டைமண்ட் ஏஸை இறக்கினார். அடுத்து ராஜாவை. வெட்டத் துருப்பில்லை. இரண்டு பிடி போயிற்று. கோப்பையும் போயிற்று.

வேடிக்கை பார்த்த ஐயாவு பொங்கிவிட்டார்.

"ஸ்பேடுன்னா கண்ண மூடிக்கிட்டு ஜெயிச்சிருக்கலாம்லா! கொஞ்ச நாளா பாக்குறேன். அண்ணனுக்கு நல்ல கை வந்தா நீ பிடுங்கிக்கிற. பேராக் மாநிலத்துலயே அவர மாதிரி ஆட ஆளு உண்டா?"

"ஆசைப்பட்டுட்டேன்" என்றார் ராமையா.

"என் கையக் கெடுத்துட்டியே, ராமையா" என்றார் ஜெயபாலன்.

"அண்ணே, இனிமே உங்களோட நான் ஆடுறேன்" என்றார் ஐயாவு. "இவன் வேணாம்."

ஜெயபாலன் தலையாட்டினார்.

ராமையாதான் அவரைக் காரில் புந்தோங்கில் இருந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் ஜெயபாலனின் மனைவி மங்களம் நின்றிருந்தாள்.

இறங்கிய ஜெயபாலன் திரும்பிச் சிரித்தார்.

"வா ராமையா, கிளப்புக்குப் போலாம். ஆட்டத்துக்கு நேரமாச்சுலா."

மங்களம் அவரைக் கைப்பிடித்து உள்ளே உட்காரவைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஏலம் கேக்கும்போது பழக்கத்துல கேட்டுடுறாரு. ஆடச் சொன்னா எந்தச் சீட்டு போச்சு, எது இருக்குன்னே தெரியல. இன்னிக்கு யாராச்சும் கண்டுபிடிச்சாங்களா, தம்பி?"

"இல்லக்கா. எல்லாரும் என்னத்தான் திட்டினாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும் தம்பி. அந்தக் கிளப்பு மட்டுந்தான் அவருக்கு மிச்சம். நீங்க கூட ஆடுற வரைக்கும் அவரு மானத்துக்குக் கொறையில்ல."

இனிக் கூட ஆடப்போவது ஐயாவு என்பதை ராமையா அவளிடம் சொல்லவில்லை. காருக்குத் திரும்பி நடந்தார்.